புகையிலை வாரிசின் வாழ்க்கை வரலாற்றை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

பெரும் பணத்தில் பிறந்து, குடியிலும் வேகத்திலும் திருமணங்களிலும் அதைக் கரைத்த ஒருவரைப் பற்றி நூல் வருகிறது என்றால், அதற்குத் தனியாக விளம்பரம் எதற்கு, வம்பே வாசகரை அழைத்து வந்துவிடும் என்று பதிப்பகத்தார் எண்ணுவது இயல்பு. வம்பு வாசகரை அழைத்து வருவது உண்மைதான். ஆனால் செய்தித்தாளில் அரைப்பக்க வம்பைப் படித்து முடித்தவர், நூலில் உள்ளது முழுவதும் தமக்குத் தெரிந்துவிட்டதாகக் கருதி, வாங்காமலேயே விலகிவிடுகிறார். எனவே வம்பைக் கேட்டு வந்தவரிடம், அதற்குப் பின்னால் தாம் அறியாத பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவதே இத்தகைய நூலை முன்னெடுப்பவருடைய முதன்மையான வேலையாகிறது.

இதை வெறும் விதிகளாகச் சொல்வதைவிட ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலம் நகரில் பிறந்த ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியர், பலரும் அறிந்த பெயரில் சொன்னால் டிக் ரெனால்ட்ஸ் (1906–1964), இதற்கு மிகப் பொருத்தமானவர். அவரைப் பற்றிப் புதிதாக ஒரு வாழ்க்கை வரலாறு வெளிவருவதாகவும், அதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நூலாசிரியராகிய உங்களிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

அவருடைய தந்தை 1875இல் புகையிலைத் தொழிற்சாலையைத் தொடங்கி, 1913இல் கேமல் சிகரெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 1918இல் இறந்தார். தாய் கேத்தரின் 1924இல் இறந்தபோது டிக்குக்கு வயது 18. அவருக்குப் பின்னால் இரு தங்கைகளும் ஒரு தம்பியும் இருந்தனர். 1929இல் இங்கிலாந்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரின் உயிரிழப்புக்குக் காரணமாகி, அந்த நாட்டுச் சிறையில் அடைபட்டார். 1934இல் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் சாப்பலோ என்னும் தீவை வாங்கினார். 1941இல் சொந்த ஊரின் மேயரானார், ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குப் பொருளாளராகவும் இருந்தார். பின்னர் கடற்படையில் சேர்ந்து, மேகின் ஐலண்ட் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் வழிகாணும் அதிகாரியாகப் பசிபிக் போரில் பணியாற்றினார். நான்கு முறை மணந்தார். 1964 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் நுரையீரல் நோயால் இறந்தபோது, தம் ஆறு மகன்களையும் ஒதுக்கிவிட்டுச் சொத்தை நான்காம் மனைவிக்கு எழுதிவைத்திருந்தார். அவர் இறந்து இரண்டு நாள் கழித்து ஒரு மகள் பிறந்தாள்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு விளம்பரம் செய்வது எளிது என்று தோன்றும். உண்மையில் இத்தனை இருப்பதுதான் இடையூறு.

முதலில் ஒரு வாக்கியம்

நூல் அச்சுக்குப் போவதற்கு முன்பே, அது எதைப் பற்றியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னட்டை, இணையக் கடைகளின் அறிமுகக் குறிப்பு, செய்தியாளர்களுக்கான அறிக்கை, வானொலி நேர்காணலின் முதல் நிமிடம் எல்லாமே அந்த வாக்கியத்திலிருந்து கிளைக்க வேண்டும். ‘நான்கு மனைவியரும் ஒரு தீவும் கொண்ட கோடீசுவரரின் கட்டுக்கடங்காத வாழ்க்கை’ என்று எழுதினால் அது எந்தப் பணக்காரருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்களைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. டிக் ரெனால்ட்ஸ் என்ற ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் செய்தியைத் தேட வேண்டும்.

அது அவர் இறந்த ஆண்டிலேயே இருக்கிறது. 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு முடிவதற்குள், கேமல் சிகரெட்டை உலகுக்குத் தந்தவருடைய மூத்த மகன், நெடுங்காலம் புகைபிடித்தவர், மூச்சுவிட முடியாமல் இறந்துபோனார். அவருடைய மகன் பேட்ரிக், குடும்பப் பெயரைத் தாங்கியபடியே, 1980களில் புகையிலைக்கு எதிரான இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார். ‘ஒரு குடும்பத்தை வளர்த்த பொருளே அக்குடும்பத்தின் மூச்சை நிறுத்திய கதை’ என்ற வாக்கியம் வேறு யாருக்கும் பொருந்தாது. இன்னொரு வழியும் உண்டு: அந்தப் பணம் எங்கெல்லாம் போய்த் தங்கியது என்று தொடர்வது. என் எண்ணத்தில் இரண்டாவதே வலுவானது, ஏனெனில் அது நூலை ஒரு தனிமனிதரின் சரிவிலிருந்து விடுவித்து, இன்றும் உயிரோடிருக்கும் ஊர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கொண்டுபோகிறது. எதைத் தேர்ந்தாலும், நூலில் அந்த இழை உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். நூலில் இல்லாத ஒன்றை அட்டை வாக்குறுதியாகத் தந்தால், முதல் மதிப்புரையாளரே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அறிக்கையின் சொற்களும் சட்டமும்

நூலின் கையெழுத்துப் பிரதியை வழக்கறிஞர் வரி வரியாகப் படிக்கிறார். ஆனால் விளம்பர அறிக்கையைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முந்நூறு பக்கங்களில் ஆதாரத்தோடும் தயக்கத்தோடும் சொல்லப்பட்ட ஒன்று, அறிக்கையின் நான்கு சொல் தலைப்பில் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

இதற்கு டிக்கின் தம்பி ஸ்மித் ரெனால்ட்ஸின் மரணம் தக்க சான்று. 1932 ஜூலை 6 அதிகாலையில், குடும்பத்தின் ரெனால்டா மாளிகையில் நடந்த விருந்துக்குப் பிறகு, இருபது வயதான ஸ்மித் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அவர் மனைவி, பிராட்வே பாடகி லிபி ஹோல்மன் மீதும், நண்பர் ஒருவர் மீதும் குற்றச்சாட்டுப் பதிவானது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே வழக்குக் கைவிடப்பட்டது, நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. அது தற்கொலையா, விபத்தா, வேறொருவர் செயலா என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் முடிவாகவில்லை. ஆகவே உங்கள் அறிக்கையில் ‘கொலை’ என்ற சொல் வரக் கூடாது. ‘விடை காணப்படாத மரணம்’ என்பது சரியான சொல்லாட்சி மட்டுமின்றி, வாசகரை ஈர்ப்பதிலும் அதற்குக் குறைந்ததன்று. மேலும் இது தம்பியின் கதை. நூல் அண்ணனைப் பற்றியது என்றால், அறிக்கையின் முதல் பத்தியைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் எல்லா நேர்காணலிலும் அதைப் பற்றியே கேட்பார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில், பொதுவாக, இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குத் தொடுக்க இயலாது. எனவே டிக்கின் குடியைப் பற்றி எழுதுவதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. அவருடைய பிள்ளைகள், பேரர்கள், வளர்ப்புக் குடும்பத்தினர் ஆகியோர் விஷயம் வேறு. அவர்களில் உயிரோடிருப்பவர் எவரையேனும் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல் வந்தாலும், அதை வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். உயில் பற்றிய பகுதியில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யார் யாரை ஏமாற்றினார் என்ற பேச்சு உடனே உயிருள்ளவர்களைத் தொட்டுவிடும்.

1929ஆம் ஆண்டு விபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான விளம்பர எழுத்துகளில் அது ‘இளமைக் குறும்பு’ போல வந்துபோகிறது. பணக்கார வாலிபர், வேகமான கார், அயல்நாட்டுச் சிறை என்று ஒரு சாகசமாகவே அதைச் சொல்லிவிடுகிறார்கள். செத்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் குடும்பமும் ஊரும் இருந்தன. நூலில் அவரைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்களோ, அதில் ஒரு வரியாவது மேடைப் பேச்சில் இடம்பெற வேண்டும்.

அட்டையைப் பற்றிச் சிறு எச்சரிக்கை. ஒட்டகப் படத்தையும் சிகரெட் உறையின் எழுத்துருவையும் போலச்செய்து அட்டை வடிவமைக்க ஓவியர்களுக்கு ஆசை வரும். அந்தச் சின்னம் உயிரோடிருக்கும் ஒரு நிறுவனத்தின் வணிக உடைமை. ரெனால்ட்ஸ் நிறுவனம் 2017 முதல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் முழு உடைமையாக இருக்கிறது, அவர்களுக்கு வழக்கறிஞர்கள் குறைவில்லை. அதோடு, அட்டையே சிகரெட் விளம்பரமாகத் தோன்றினால் பள்ளி நூலகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் நூலைத் தொடமாட்டா.

நாள் கணக்கு

அமெரிக்கப் பதிப்புத் தொழிலில் மதிப்புரை என்பது நூல் வந்த பிறகு கேட்பதன்று. பப்ளிஷர்ஸ் வீக்லி, கிர்கஸ், லைப்ரரி ஜர்னல், புக்லிஸ்ட் ஆகிய தொழில்முறை இதழ்கள் வெளியீட்டு நாளுக்குச் சில மாதங்கள் முன்பே பிரதியை எதிர்பார்க்கின்றன. ஐந்து மாதம் முன்பே முன்பிரதி கைக்கு வரும்படி திட்டமிட்டால் நெருக்கடி இராது. நூலகங்கள் இவ்விதழ்களைப் பார்த்தே வாங்குகின்றன. அமெரிக்காவில் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு நூலகச் சந்தை எவ்வளவு முக்கியம் என்பதை நம்மூர் நூலக ஆணையின் அருமை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முன்பிரதியோடு, அட்டையில் அச்சிடப் பிறர் எழுதித் தரும் பரிந்துரை வரிகளும் வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, இன்னொரு வம்பு வரலாற்றின் ஆசிரியரிடம் வரி வாங்குவது. தொழிலாளர் வரலாறு எழுதிய ஒருவர், கடல் சூழலியல் அறிஞர் ஒருவர், தென் மாநிலங்களின் வரலாற்றை அறிந்த பேராசிரியர் ஒருவர் என்று மூவர் சொன்னால், கடைக்காரர் நூலை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

வெளியீட்டுக்கு எந்த மாதம் நல்லது? இலையுதிர் காலத்தில் பெரிய பெயர்களின் நூல்கள் குவிகின்றன. அந்தக் கூட்டத்தில் சிறு பதிப்பகத்தின் நூல் கண்ணில் படாது. ஆண்டின் தொடக்கம் இந்த நூலுக்கு மிகவும் ஏற்றது. தலைமை மருத்துவரின் அறிக்கை வெளியான ஜனவரி 11 என்னும் நாளை ஒட்டிச் செய்தித்தாளுக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம். பிப்ரவரியில் ஜார்ஜியாவின் சவான்னா நகரில் நடக்கும் புத்தகத் திருவிழா, சாப்பலோ தீவிலிருந்து நெடுந்தொலைவன்று. மே 31 உலகப் புகையிலை ஒழிப்பு நாள். செப்டம்பரில் வின்ஸ்டன்-சேலத்திலேயே புக்மார்க்ஸ் அமைப்பு நடத்தும் புத்தகத் திருவிழா இருக்கிறது. இத்திருவிழாக்களின் அழைப்புப் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால், விண்ணப்பம் முன்பிரதியோடு சேர்ந்தே போக வேண்டும். பிறந்தநாள், திருமண நாள் போன்றவற்றைச் சாக்காக வைத்துக் கட்டுரை அனுப்புவதில் பயனில்லை.

அந்தப் பணம் தங்கிய ஊர்கள்

நூல் முதலில் விற்க வேண்டிய இடம் வின்ஸ்டன்-சேலம். அந்நகரத்துக்குக் கேமல் சிட்டி என்றே செல்லப் பெயர். விமான நிலையத்துக்கு இறந்த தம்பி ஸ்மித்தின் பெயர், உயர்நிலைப் பள்ளிக்குத் தந்தையின் பெயர், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக நூலகத்துக்கு மீண்டும் தம்பியின் பெயர். அப்பல்கலைக்கழகம் 1956இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்ததே ரெனால்ட்ஸ் குடும்பத்தாரின் நிலத்தாலும் பணத்தாலும்தான். நகர மையத்தில் 1929இல் எழுந்த ரெனால்ட்ஸ் கட்டடம், பின்னர் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வடிவமைத்த அதே கட்டடக்கலைஞர்களின் கைவண்ணம். இப்போது அதில் விடுதி நடக்கிறது. குடும்பத்தின் ரெனால்டா மாளிகை 1967 முதல் அமெரிக்க ஓவியங்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இங்கெல்லாம் நிகழ்ச்சி நடத்த இடம் கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் நுட்பம் தேவை. குடும்பத்தின் பெயரால் நடக்கும் நிறுவனம் ஒன்று, குடும்பத்தின் அவமானங்களைப் பேசும் நூலுக்குத் தன் கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு முன், அந்நிறுவனத்தின் ஆவணக்காப்பாளருக்கு முன்பிரதியை அனுப்புங்கள். அவர்களுடைய ஆவணங்களை நூலுக்குப் பயன்படுத்தியிருந்தால், எந்தப் பக்கத்தில் எது வருகிறது என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். அருங்காட்சியகங்கள் பொதுவாக உண்மைக்கு அஞ்சுவதில்லை. எதிர்பாராமல் செய்தித்தாளில் படிக்க நேர்வதற்குத்தான் அஞ்சுகின்றன. அவர்கள் மறுத்தால் வருத்தப்படாமல், நகரத்திலேயே புத்தகக்கடையும் நடத்தும் புக்மார்க்ஸ் அமைப்பை அணுகலாம், பொது நூலகத்தையும் அணுகலாம்.

இந்த ஊரில் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருடைய பாட்டியோ தாத்தாவோ அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே மேடை ஏறுங்கள். 1943 ஜூன் மாதத்தில், புகையிலையின் தண்டு கிழிக்கும் பிரிவில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பிறந்ததுதான் உள்ளூர்ச் சங்கம் எண் 22. தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர் தலைமையில் எழுந்த வலுவான சங்கங்களில் ஒன்று. அப்போது டிக் கடற்படையில் இருந்தார். அவர் தீவும் கப்பலும் வாங்கிய பணம் அந்தப் பெண்களின் கைகளிலிருந்து வந்தது என்பதைப் பேச்சில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் யாரேனும் எழுந்து சொல்வார்கள், அப்போது நீங்கள் பணக்காரரின் வழக்கறிஞர் போலத் தோன்றுவீர்கள்.

அடுத்த இடம் சாப்பலோ தீவு. இந்த நூலுக்கு மிகச் செழிப்பான களமும் மிகக் கவனமாக நடக்க வேண்டிய களமும் இதுவே.

மெரிடியன் என்னும் சிற்றூரிலிருந்து படகில்தான் அங்கே போக முடியும். டிக்கின் மாளிகையை இப்போது மாநில அரசு பராமரிக்கிறது. 1953இல் அவருடைய ஆதரவோடு தொடங்கிய ஜார்ஜியா பல்கலைக்கழகக் கடலாய்வு நிலையம் இன்றும் நடக்கிறது. சூழலியலின் முன்னோடிகளில் ஒருவரான யூஜின் ஓடம் அதன் பின்னணியில் இருந்தார், உப்புச் சதுப்பு நிலங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றிய அடிப்படை ஆய்வுகள் அங்கேதான் நடந்தன. குடிகாரச் செல்வர் ஒருவரின் விருந்துத் தீவிலிருந்து நவீன சூழலியலின் ஒரு பகுதி பிறந்தது என்ற செய்தி, அறிவியல் இதழ்களுக்கும் இயற்கை ஆர்வலர் அமைப்புகளுக்கும் உங்களை அழைத்துச்செல்லும். வேறெந்தப் பணக்கார வாரிசின் வரலாற்றுக்கும் எளிதில் கிடைக்காத வாசகர் கூட்டம் அது.

ஆனால் அதே தீவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களான கீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ராக்கூன் பிளஃப் உள்ளிட்ட பல குடியிருப்புகளில் பரந்து வாழ்ந்த அவர்களை, டிக்கின் காலத்தில் ஹாக் ஹம்மக் என்ற ஒரே இடத்துக்கு நகர்த்தினார்கள். தீவில் வேலை தருபவர் அவர் ஒருவரே என்ற நிலையில் அந்த நிலமாற்றம் எவ்வளவு விருப்பத்தோடு நடந்தது என்பது, அம்மக்களின் நினைவில் இன்னும் ஆறாத கேள்வி. 2023இல் மெக்கின்டாஷ் வட்ட நிர்வாகம் ஹாக் ஹம்மக்கில் கட்டக்கூடிய வீட்டின் பரப்பளவு வரம்பை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 சதுர அடியாக உயர்த்தியபோது, பணக்காரர் வந்து வாங்கி வரியை ஏற்றிவிடுவார்கள், தாங்கள் இடம்பெயர நேரும் என்று அவர்கள் போராடினார்கள். 2024 அக்டோபர் 19 அன்று, அவர்களுடைய பண்பாட்டு விழாவுக்கு வந்தவர்கள் திரும்பும்போது படகுத் துறையின் நடைபாலம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள்.

இந்தப் பின்னணியில், மாளிகையில் மது விருந்தோடு ‘கோடீசுவரரின் மாலை’ என்று ஒரு நிகழ்ச்சி வைப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். அதற்கு முன் ஹாக் ஹம்மக் மக்களின் அமைப்புகளைச் சந்தித்து, நூலில் அவர்களைப் பற்றி எழுதியதைக் காட்டுங்கள். கரைக்கு இப்பால் டேரியன் நகரின் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ, அவர்களில் ஒருவர் உங்களோடு மேடையில் அமர்ந்து பேசும்படி நிகழ்ச்சி அமைத்தால், உள்ளூர்ச் செய்தித்தாள் தானாக வரும். அழைப்பை அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்புங்கள்.

புகையிலை என்னும் கேள்வி

இந்நூலுக்குப் புகையிலை நிறுவனம் எதனிடமிருந்தும், அதன் ஓய்வுபெற்றோர் சங்கத்திடமிருந்தும்கூட, நிதி வாங்கக் கூடாது. வாங்கிய செய்தி ஒரு நாள் வெளிவரும்; வந்தால் மருத்துவக் கல்லூரிகள், சுகாதார அமைப்புகள், பள்ளிகள் ஆகிய மூன்று கதவுகளும் ஒன்றாக மூடிவிடும். எதிர்ப்பக்கமும் ஒரு கவனம் வேண்டும். புகையிலை எதிர்ப்பு அமைப்புகள் நூலைத் தம் பிரசுரமாக எடுத்துக்கொள்ள விரும்பும். அவற்றின் கூட்டங்களில் பேசலாம், மருத்துவமனை வளாகத்தில் கையெழுத்திடும் நிகழ்ச்சியும் நடத்தலாம். ஆனால் நூலின் நாயகரை வெறும் எச்சரிக்கைப் பலகையாக மாற்றச் சம்மதிக்காதீர்கள். அவர் புகைத்து இறந்தார் என்பது உண்மை; போர்க்காலத்தில் கடலில் கப்பலுக்கு வழி கண்டதும் உண்மை.

குடும்ப அறக்கட்டளைகளையும் மறக்க வேண்டாம். ஸ்மித்தின் பங்கைக் கொண்டு உடன்பிறந்தார் 1936இல் வட கரோலினா மக்களுக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். ஸ்மித் இறந்த பிறகு பிறந்த அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1950இல் மலையேற்றத்தில் இறந்ததும், தாய் லிபி ஹோல்மன் அவன் பெயரால் இன்னோர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்த பயணத்தின் செலவில் ஒரு பகுதியை அது கொடுத்தது. சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் கிங் வந்துசென்ற அந்தப் பயணத்தில், ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலா எழுவதையும் குமரிமுனையில் கண்டதைப் பின்னாளில் பிரசங்கமாகவே சொன்னார். கேமல் சிகரெட்டின் பணம் குமரிக் கடற்கரை வரை நடந்து வந்த இந்தச் செய்தி நூலில் இரண்டு வரிதான் பெறும் என்றாலும், அமெரிக்காவாழ் தமிழர் சங்கம் ஒன்றில் பேச அழைத்தால் அரைமணி நேரத்துக்குப் போதும்.

வானொலியும் படங்களும்

வின்ஸ்டன்-சேலத்தின் பொது வானொலி நிலையமான டபிள்யூஎஃப்டிடியும், மாநில இதழான ‘அவர் ஸ்டேட்’டும் (Our State) உள்ளூர் வரலாற்றுக்கு இடம் தருபவை. அனுப்பும் கடிதத்தில் நூலின் சுருக்கத்தை எழுதாமல், அந்நிகழ்ச்சியின் நேயருக்கு ஏன் இது இன்று தேவை என்று மூன்று வரி எழுதுங்கள். குற்ற வரலாற்று ஒலித்தொடர்களிலிருந்து அழைப்பு வரும், பெரும்பாலும் தம்பியின் மரணத்துக்காகவே. அவற்றுக்குப் போகலாம், ஏனெனில் அவற்றின் நேயர்கள் நூல் வாங்குபவர்கள். ஆனால் யார் சுட்டார் என்று உங்கள் கருத்தைக் கேட்பார்கள். ஆவணங்கள் எதுவரை செல்கின்றனவோ அதுவரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை இதழ் ஒன்று முன்னதாக வெளியிட முன்வந்தால், சிறைவாசத்தையோ உயிலையோ கொடுத்துவிடாமல், சாப்பலோவின் ஆய்வு நிலையம் பிறந்த பகுதியைக் கொடுங்கள். வம்பு எப்படியும் வெளியே வந்துவிடும். எதிர்பாராத பகுதியைப் படித்தவரே கடைக்குப் போகிறார்.

படங்கள் முன்கூட்டியே தயாராக இல்லாமல் நல்ல வாய்ப்புகள் கைநழுவிப்போகின்றன. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த படைப்புகள் பொதுவுடைமை. போர்க்காலக் கடற்படை அதிகாரபூர்வமாக எடுத்த படங்களும் அரசுப் படைப்பு என்பதால் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஃபோர்சைத் வட்டப் பொது நூலகத்தின் படத் தொகுப்பில் பழைய வின்ஸ்டன்-சேலம் நிறையவே கிடைக்கிறது. பிற்காலச் செய்தித்தாள் படங்களுக்கு உரிமை வாங்கும்போது, நூலுக்குள் அச்சிட மட்டும் வாங்கிவிட்டு, விளம்பரத்துக்கும் இணையத்துக்கும் வாங்க மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் அதைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, இடம், உரிமையாளர் பெயர் ஆகியவற்றோடு குறிப்பு எழுதி ஒரே கோப்பில் வைத்திருந்தால், செய்தியாளர் மாலை ஐந்து மணிக்குக் கேட்டாலும் ஐந்தரைக்குள் அனுப்பிவிடலாம்.

மேடையில் இருபது நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். நம்மூர் வெளியீட்டு விழாக்களில் பத்துப் பேர் வாழ்த்துரைத்த பிறகே நூலாசிரியருக்கு ஏற்புரை கிடைக்கும். அங்கே நூலாசிரியர் ஒருவரே பேசி, எஞ்சிய நேரத்தைக் கேள்விகளுக்கு விட வேண்டும். அந்த நேரத்தில்தான், ‘என் தாத்தா அவருடைய தோட்டத்தில் வேலை பார்த்தார்’ என்று சொல்லிப் பழைய கடிதமோ படமோ எடுத்துக்கொண்டு வருபவர்களைச் சந்திப்பீர்கள். அவர்களுடைய தொடர்பு விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள், கொண்டுவந்ததை நகலெடுக்க அனுமதி கேளுங்கள், நூலில் எது தவறு என்று அவர்கள் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். சுமார் ஓராண்டு கழித்து வரும் மெல்லட்டைப் பதிப்பில் அந்தத் திருத்தங்களையும் புதிய பின்னுரை ஒன்றையும் சேர்த்தால், முதல் பதிப்பை மதிப்புரைக்க மறுத்த செய்தித்தாளுக்குக்கூட மறுமுறை கடிதம் எழுதத் தக்க காரணம் கிடைக்கும். அந்தப் பதிப்பை ஆகஸ்டுக்குள் அச்சிட்டால் செப்டம்பர் திருவிழாவுக்குக் கையில் இருக்கும்.